ஒழிப்பு என்னும் சொல்லாடல்: கொசு, நுண்ணுயிர், அரசு

1

2017 அக்டோபரில், தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியிருந்த நாட்களில், எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். வயது இருபதைத் தாண்டியிருக்காது. கையில் டார்ச் லைட், தோள் பையில் அபேட் மருந்து, ஒரு நோட்டு. தினக்கூலிக்கு எடுக்கப்பட்ட கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். பின்கட்டில் இருந்த நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புழு நெளிந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார். ‘வாரத்துக்கு ஒருதடவை தண்ணி விட்டா, பிடிச்சு வைக்காம என்னம்மா பண்றது?’ என்று கேட்டார் என் தாயார். ‘எனக்கு மட்டும் தெரியாதாம்மா? எங்க வீட்லயும் இதே டிரம்முதான். புழு இருந்தா எழுதணும்னு சொல்லியிருக்காங்க’ என்றார் அந்தப் பெண். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. மறுபடியும் புழு இருந்தால் அபராதம் கட்ட வேண்டுமாம்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அரசின் கணக்குப்படியே 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். ஆகவே அந்த நோட்டீஸை வெறும் அதிகார மிரட்டல் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. டிரம்மில் புழு இருந்தது உண்மை. என்னை உறுத்தியது நோட்டீஸின் தலைப்பிலிருந்த ஒரு சொல்: ‘ஒழிப்பு’.

தமிழ் படித்தவன் என்பதால் இந்தச் சொல்லின் பின்னால் கொஞ்சம் போய்ப் பார்த்தேன். 1953இல் இந்திய அரசு தொடங்கியதன் பெயர் தேசிய மலேரியாக் ‘கட்டுப்பாட்டு’ திட்டம். டி.டி.டி. நன்றாக வேலை செய்தது. ஐந்தே ஆண்டுகளில், 1958இல், அது தேசிய மலேரியா ‘ஒழிப்பு’ திட்டம் ஆயிற்று. சுதந்திரம் வந்தபோது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைப் பிடித்ததாகக் கணக்கிடப்பட்ட நோய், 1961இல் சுமார் 50,000 பேராகக் குறைந்தது. பெரிய சாதனைதான், மறுக்க முடியாது. ஆனால் 1976இல் மறுபடியும் 64 லட்சம் பேருக்கு மலேரியா. கொசு மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. நிதியும் கண்காணிப்பும் தளர்ந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும் ஒழிப்பு என்ற சொல் மட்டும் ஒழியவில்லை. வறுமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு, ஆக்கிரமிப்பு ஒழிப்பு என்று அது நம் நிர்வாக மொழியின் நடுவீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒழிப்பு என்பது வெளியே ஓர் எதிரியை நிறுத்திக்கொள்ளும் மொழி. எதிரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்காது. கொசுவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்ட வரலாற்றைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

2

டெங்கு வைரஸ் கொசுவிடம் இயல்பிலேயே நிறைந்து கிடப்பதில்லை. நோயாளியின் இரத்தத்தோடு ஏடிஸ் இஜிப்தி கொசுவின் குடலுக்குள் போகிறது. குடல் சுவரைத் துளைத்து, உடலெங்கும் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் அந்தக் கொசு கடித்தால் நமக்கு நோய். இந்த நாட்களில் வைரஸ் தனியாகப் பயணம் செய்யவில்லை. கொசுவின் குடலிலும் திசுக்களிலும் ஏற்கெனவே பல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் சில வைரஸுக்குக் கதவைச் சாத்துகின்றன, சில திறந்துவிடுகின்றன.

இப்படிக் கதவைச் சாத்தும் ஒன்றுதான் வோல்பாக்கியா. அதை முதலில் கண்டவர்கள் தேடியது வேறொன்றை. முதல் உலகப் போருக்குப் பிறகு டைஃபஸ் காய்ச்சலின் காரணியைத் தேடிப் போலந்து வரை சென்று வந்த எஸ். பர்ட் வோல்பாக்கும், ஹார்வர்டில் அவரோடு பணியாற்றிய மார்ஷல் ஹெர்ட்டிக்கும், பூச்சிகளுக்குள் ரிக்கெட்சியா வகை நுண்ணுயிர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1924இல் வீட்டுக் கொசுவான குலெக்ஸ் பிப்பியன்ஸின் இனப்பெருக்க உறுப்புகளில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அது மனிதருக்கு நோய் தருவதில்லை. 1936இல் ஹெர்ட்டிக் அதற்கு வோல்பாக்கியா பிப்பியன்டிஸ் என்று பெயரிட்டார். அதோடு சரி. எதிரிப் பட்டியலில் சேராத உயிர் என்பதால் பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. அறிவியலின் கண்கூட ஒழிப்பின் மொழியில்தான் பார்த்துப் பழகியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1950களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹான்னஸ் லாவென் ஒரு புதிரோடு மல்லுக்கட்டினார். ஓர் ஊர் ஆண் கொசுவை இன்னோர் ஊர்ப் பெண் கொசுவோடு சேர்த்தால் சில சமயம் முட்டை பொரிப்பதில்லை. அதே ஊர்களை மாற்றிச் சேர்த்தால் பொரிக்கிறது. காரணம் தாய்வழியாக, முட்டையின் சைட்டோபிளாசம் வழியாக இறங்குகிறது என்று அவர் காட்டினார். அது என்ன காரணம் என்பது தெரியாமலேயே அதைப் பயன்படுத்தவும் செய்தார். 1967இல் பர்மாவில், ரங்கூனை அடுத்த ஒக்போ கிராமத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டார். யானைக்கால் நோயைப் பரப்பும் குலெக்ஸ் கொசு அது. சில மாதங்களில் அந்தக் கிராமத்தில் முட்டைகள் பொரிப்பது நின்றுபோயிற்று. 1971இல் யென், பார் என்ற இருவர் கொசுக்களுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். வோல்பாக்கியா செத்தது, பொருந்தாமையும் போயிற்று. 1924இல் கண்டு ஒதுக்கிய உயிர்தான் லாவெனின் புதிருக்கு விடை என்று அப்போதுதான் தெரிந்தது.

இதன் தந்திரம் எளிது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை வீண். வோல்பாக்கியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் வோல்பாக்கியா இருக்கும். ஆகவே தாய்வழியாக இந்தப் பாக்டீரியா தலைமுறைக்குத் தலைமுறை பரவிக்கொண்டே போகும். ஆண்களை மட்டும் விட்டால் கொசு குறையும். பெண்களையும் விட்டால் கொசு குறையாது, கொசு மாறும். இந்த இரண்டு வழிகளையும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

3

ஒக்போவுக்குப் பிறகு காட்சி டெல்லிக்கு மாறுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டுக்கென ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கின. 1970 முதல் டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் வேலை நடந்தது. பணம் அமெரிக்காவினுடையது, பி.எல். 480 கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாயிலிருந்து வந்தது. தயோடெபா என்ற ரசாயனத்தால் மலடாக்கப்பட்ட ஆண் கொசுக்களும், பொருந்தாமையை அடிப்படையாகக் கொண்டு வளர்த்த கொசுக்களும் விடப்பட்டன. அடுத்து 1975இல் ஹரியானாவின் சோனிபட் நகரில் ஏடிஸ் இஜிப்தியை விடுவதாகத் திட்டம்.

1974இல் பத்திரிகைகளில் கேள்வி எழுந்தது. நாட்டில் மலேரியா மறுபடி தலைதூக்கும்போது ஏடிஸ் மீது ஏன் இத்தனை அக்கறை? ஏடிஸ் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும் கொசு. அந்த நோய் இந்தியாவில் இல்லை. அப்படியானால் இந்தத் தகவல்கள் யாருக்குப் பயன்படும்? புற்றுநோய் உண்டாக்கக்கூடிய தயோடெபாவைக் கிராமத்துக்குப் பக்கத்தில் புழங்கலாமா? நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஜோதிர்மய் பாசு தலைமையில் விசாரித்து 1975இல் அறிக்கை தந்தது. சோனிபட் கொசுக்கள் பறக்கவேயில்லை. அந்தப் பிரிவு மூடப்பட்டது. லண்டனிலிருந்து வரும் ‘நேச்சர்’ இதழ் இதைக் குறித்து ஒரு தலையங்கமே எழுதியது.

உயிரியல் போர்முறைக்கான ஆய்வு அது என்ற குற்றச்சாட்டு ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. இதை நாம் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. 1955இல் அமெரிக்க ராணுவம் தன் நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலேயே, கொசுவைப் போர்க்கருவியாக்க முடியுமா என்று பார்க்க, நோயில்லாத ஏடிஸ் இஜிப்தி கொசுக்களை லட்சக்கணக்கில் விட்டுப் பார்த்தது. அந்த ராணுவத்தின் ஆவணமே பின்னால் வெளியாகி இதை ஒப்புக்கொண்டது. அமெரிக்கப் பணமும் அதே கொசுவும் ஓர் ஏழை நாட்டுக் கிராமத்தில் சந்தித்தால் கேள்வி எழாமல் இருக்குமா?

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் கொசுவைப் பற்றிப் பேசினார்கள். நாடாளுமன்றம் தேசத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. சோனிபட்டில் குடியிருந்தவரிடம் ‘உங்க தெருவில் இதை விடலாமா?’ என்று கேட்பது யார் பொறுப்பு? தேசம் என்ற பெருங்கதையாடலுக்குள் தெரு காணாமற் போனது.

அது தற்செயல் அல்ல என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் மட்டும் 82 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. மலட்டுக் கொசு பறக்கக் கூடாது என்று தடுத்த அதே நாட்டில், அதே ஹரியானாவில், மனிதர்கள் மலடாக்கப்பட்டார்கள். கொசுவை நிறுத்தியது அந்நியர் மீதான ஐயம். மனிதர்களைக் காப்பாற்ற அந்த ஐயம் போதவில்லை. ஃபூக்கோ உயிரதிகாரம் என்று பெயரிட்டது மக்கள்தொகையைப் பிறப்பு, நோய், இறப்பு என்ற கணக்குகளாகப் பார்க்கும் அதிகாரத்தை. அந்தப் பார்வையில் கொசுக் கூட்டமும் மனிதக் கூட்டமும் ஒரே அட்டவணையின் இரண்டு பத்திகள்தான்.

டெல்லிப் பிரிவு மூடிய 1975இலேயே புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. டெல்லியில் பணியாற்றிய பி.கே. ராஜகோபாலன் அதன் இயக்குநரானார். 1981 தொடங்கி ஐந்தாண்டுகள் அந்த மையம் புதுச்சேரியில் யானைக்கால் நோய்க்கு எதிராகச் செய்தது பெரும்பாலும் சாக்கடை, தேங்கிய நீர், கிணறு, குட்டை பற்றிய வேலை. மருந்தடிப்பைவிடச் சுற்றுப்புறத்தை மாற்றுவதை நம்பிய வேலை. இந்த மையத்துக்குக் கட்டுரையின் முடிவில் திரும்ப வருவோம்.

4

கதை உண்மையில் திரும்பியது 2008இல்தான். பழ ஈக்களில் வோல்பாக்கியா இருந்தால் சில வைரஸ்கள் அவற்றை எளிதில் கொல்ல முடிவதில்லை என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. அப்போது ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ’நீல் குழு வேறொரு நோக்கத்தில் இருந்தது. ஏடிஸ் இஜிப்தியிடம் இயல்பில் வோல்பாக்கியா கிடையாது. பழ ஈயின் வோல்பாக்கியாவை நுண்ணூசியால் கொசு முட்டைக்குள் ஏற்றினால் கொசுவின் ஆயுள் பாதியாகும். வைரஸ் உமிழ்நீருக்கு வந்து சேருமுன் கொசு செத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. 2009இல் ஆயுள் பாதியானது. ஆனால் அதே ஆண்டு தெரிந்த இன்னொன்றுதான் முக்கியம்: வோல்பாக்கியா உள்ள கொசுவுக்குள் டெங்கு வைரஸே சரியாகப் பெருக முடியவில்லை. சிக்குன்குனியாவும் அப்படியே. கொசுவைக் கொல்ல வேண்டியதே இல்லை என்று ஆயிற்று.

எப்படித் தடுக்கிறது? செல்லுக்குள் வைரஸுக்கும் வோல்பாக்கியாவுக்கும் ஒரே சாமான்கள் தேவை. கொழுப்புச் சத்து, குறிப்பாகக் கொலஸ்டிரால், போட்டிக்குரிய பண்டமாகிறது. தவிர, புதிதாக வந்த பாக்டீரியாவால் கொசுவின் தற்காப்பும் விழித்துக்கொள்கிறது. ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. பல சேர்ந்து வேலை செய்கின்றன.

நுண்ணுயிர் என்றாலே நண்பன் என்று புதிய புராணம் ஒன்றையும் எழுதிவிட வேண்டாம். கொசுக் குடலில் வாழும் செராசியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா, குடலின் உட்புறச் சளிப்படலத்தை அரிக்கும் புரதம் ஒன்றைச் சுரந்து டெங்கு வைரஸுக்கு வழி திறந்துவிடுவதாக 2019இல் தெரிந்தது. வோல்பாக்கியாவே எல்லா இடத்திலும் ஒரேமாதிரி நடப்பதில்லை. குலெக்ஸ் டார்சாலிஸ் என்ற கொசுவுக்குள் அதன் ஒரு வகையைச் செலுத்தியபோது வெஸ்ட் நைல் வைரஸ் குறையாமல் கூடியதாக 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. எந்தக் கொசு, எந்த வோல்பாக்கியா, எந்த வைரஸ் என்று பெயர் சொல்லாமல் இதில் நல்லது கெட்டது பேச முடியாது. நண்பன், எதிரி என்ற எதிர்வே இங்கே உடைகிறது. உறவுகள்தான் மிஞ்சுகின்றன.

2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரையொட்டிய இரண்டு குடியிருப்புகளில் இந்தக் கொசுக்கள் விடப்பட்டன. அதற்குமுன் அந்த மக்களோடு நீண்ட காலம் பேசியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியா ஏற்றிய கொசுவை எந்தச் சட்டத்தில் அடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அது பூச்சிக்கொல்லி, கால்நடை மருந்து ஆணையத்தின்கீழ் ஒரு ‘கால்நடை ரசாயனப் பொருளாக’ ஒழுங்குபடுத்தப்பட்டது. உறவை வகைப்படுத்தச் சட்டத்தின் மொழியில் சொல் இல்லை. இருந்த சொல்லைப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

பெரிய சான்று இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவிலிருந்து வந்தது. நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவதுபோலத் தேர்ந்த 12 பகுதிகளில் மட்டும் கொசுக்களை விட்டார்கள். வீட்டு முற்றங்களில் முட்டை வாளிகளை வைக்க மக்கள் சம்மதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது: கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, டெங்குவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் அடி உத்தாரினி என்ற பெண் விஞ்ஞானி. ஒக்போவின் வழியும் சாகவில்லை. தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில் 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விட்டுப் பெருக்கத்தைக் குறைக்கிறார்கள்.

ஆனால் அதே இந்தோனேசியாவில், பாலித் தீவில், 2023 நவம்பரில் தொடங்க இருந்த வேலை மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. அந்நியப் பணம், யாருடைய கொசு என்ற பழைய கேள்விகள்தான். சான்று கையில் இருந்தும் சம்மதம் தானாக வந்துவிடவில்லை. புரூனோ லத்தூர் 1984இல் பாஸ்தரைப் பற்றி எழுதிய நூலுக்கு நுண்ணுயிர்கள், போர், சமாதானம் என்ற சொற்களைக் கோத்துத் தலைப்பிட்டார். பாஸ்தரின் நுண்ணுயிர் ஆய்வகத்தின் வலிமையால் மட்டும் வென்றுவிடவில்லை, வெளியே சுகாதாரவாதிகளும் மருத்துவர்களும் பண்ணைக்காரர்களும் சேர்ந்துகொண்டதால்தான் வென்றது என்பது அவர் வாதம். யோக்யகார்த்தாவில் அந்தச் சேர்க்கை நடந்தது. பாலியில் அப்போது நடக்கவில்லை.

5

இப்போது புதுச்சேரிக்குத் திரும்பலாம். 1975இல் தொடங்கிய அதே மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் முட்டைகளை வரவழைத்து, உள்ளூர்க் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இரண்டு வகை வோல்பாக்கியா கொண்ட கொசுக் குடும்பங்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது. புதுச்சேரியின் பெயரே அவற்றுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. வெளியே விட அரசு அனுமதி வேண்டும். ஆக, சோனிபட்டில் கேட்கப்படாத கேள்வி சுற்றிச் சுற்றி நம் வாசலுக்கே வந்து நிற்கிறது.

இந்த வழிக்கு ‘மாற்று’ என்று பெயர் சொல்கிறார்கள். கொசுவை ஒழிக்காமல் மாற்றுவது. ஒழிப்பைவிட நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் மாற்று என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1970இல் அமைந்த வாரியத்துக்கு ஆங்கிலத்தில் குடிசைகளை அகற்றும் வாரியம் என்ற பொருளில் பெயர். தமிழில் குடிசை மாற்று வாரியம். 2021இல் பெயர் மாறும்வரை அரை நூற்றாண்டு அப்படித்தான் இருந்தது. நதிக்கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் கொண்டுபோய் இறக்கியது எந்தச் சொல்லின்படி என்பதை அங்கே போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாற்று என்ற சொல்லை மட்டும் நம்பி நாம் கையெழுத்துப் போட முடியாது.

நம் தோழர்கள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசினேன். ‘அமெரிக்கச் சதி’ என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். 1975இல் அந்த வரிக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அதையே திரும்பச் சொல்வது சோம்பேறித்தனம். சந்தேகப்படுவது நம் உரிமை, கடமையும்கூட. ஆனால் சந்தேகம் கேள்வியாக மாறாமல் நம்பிக்கையாக உறைந்துபோனால், டெங்குவில் பிள்ளையைப் பறிகொடுக்கும் வீடுகளுக்கு நாம் சொல்ல எதுவும் இருக்காது. அந்த வீடுகள் பெரும்பாலும் யாருடையவை என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே நான் எதிர்க்கவில்லை. கேட்கிறேன். எந்தத் தெருவில் முதலில் விடுவது என்று தீர்மானிப்பது யார்? மறுக்கும் தெருவின் மறுப்புக்கு மதிப்பு உண்டா? விட்ட பிறகு டெங்குக் கணக்கை யார் எடுப்பார்கள், அது தமிழில், தெருவாரியாக, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டப்படுமா? ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தாய்வழியாகத் தானே பரவும் பாக்டீரியாவை ஒருமுறை விட்டுவிட்டால் எளிதில் திரும்ப அழைக்க முடியாது. சம்மதம் முன்னாலேயே வர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. கடைசியாக, இந்தக் கொசு வந்த பிறகு குழாய்த் தண்ணீரைப் பற்றி யாராவது பேசுவார்களா? கொசுவே டெங்குவைத் தடுத்துவிட்டது, இனி டிரம்மைப் பற்றிக் கவலை இல்லை, வாரம் ஒருமுறை தண்ணீரே போதும் என்று ஆகிவிடக் கூடாது.

கொசுவுக்குள் ஒரு பாக்டீரியா இருப்பதைப் பார்க்க அறிவியலுக்கு நூற்றாண்டுகள் ஆயின. அந்த டிரம் ஏன் நிரம்பியிருக்கிறது என்பதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். டார்ச் அடித்த அந்தப் பெண்ணுக்கே தெரியும். ‘எங்க வீட்லயும் இதே டிரம்முதான்’ என்று அன்றே சொன்னார். அவரது நோட்டில் புழு உண்டா இல்லையா என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. தண்ணீர் கடைசியாக எப்போது வந்தது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. நாம் கேட்க வேண்டியது அந்தக் கட்டத்திலிருந்து தொடங்கட்டும்.